எக்ஸோதெர்மிக், எண்டோதெர்மிக்: தமிழ்ல எப்படி சொல்றது?

வினிகர்ல சமையல் சோடாவை போட்டா நுரை பொங்கி வழியும், எல்லாரும் அதையே பாத்துட்டு நிப்பாங்க, யாரும் பாத்திரத்தை தொட்டு பாக்குறதில்ல. தொட்டா சில்லுனு இருக்கும், தெர்மாமீட்டர் வச்சிருந்தா சில டிகிரி இறங்கியிருக்கும். இதான் எண்டோதெர்மிக், அதாவது வெப்பத்தை உள்ள இழுத்துக்குற வேதிவினை. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா நேர் எதிர், ஆவி கிளம்புற அளவுக்கு கொதிக்கும் (கிட்ட போகாதீங்க, கண்ணுல தெறிச்சா ஆபத்து), அது எக்ஸோதெர்மிக், வெப்பத்தை வெளிய விடுற வேதிவினை.

ரெண்டுமே கிரேக்க வேர் வச்சு உருவாக்கின சொல். தெர்மேன்னா வெப்பம், தெர்மாமீட்டர்ல இருக்குறதும் அதேதான். எக்ஸோன்னா வெளியே, எண்டோன்னா உள்ளே. குழம்புறவங்க எண்டோஸ்கோப்பியை நினைச்சுக்கோங்க, குழாய் உள்ள போகுதுல்ல, அதே மாதிரி இங்க வெப்பம் உள்ள போகுது.

19ஆம் நூற்றாண்டுல இந்த சொற்களை புழக்கத்துக்கு கொண்டு வந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ (1827–1907). இதுல ஒரு கூத்து என்னன்னா, வெளிய இருந்து ஆற்றல் குடுக்காம தானா நடக்குற வினை எல்லாம் அதிக வெப்பம் வெளியாகுற பக்கமாத்தான் போகும்னு ஒரு கொள்கையை பிடிச்சுட்டு இருந்தவரும் இவர்தான். நம்ம சோடா வினிகர் தானாவே நடக்குது, ஆனா வெப்பத்தை உறிஞ்சுது! வாயு கிளம்பி பரவுறது வினையை முன்னாடி தள்ளுது, வெப்பக் கணக்கு மட்டும் பத்தாதுன்னு பின்னாடி தெளிவாயிடுச்சு.

தமிழ்ல வெப்ப உமிழ் வினை, வெப்பங்கொள் வினைன்னு சொல்றோம். இலங்கைப் பாடநூல்கள்ல புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம் (தாக்கம்னா அங்க வினை), அது கிரேக்கத்தை அப்படியே பின்பற்றுது. எனக்கு பிடிச்சது முதல் ஜோடிதான், ஏன்னா புறம் அகம்னா வெப்பம் எங்கன்னு மட்டும் தெரியும், உமிழ், கொள்ளுன்னா என்ன நடக்குதுன்னே தெரிஞ்சுடும். உமிழ்நீர்ல வர்ற அதே உமிழ்தான். உமிழ் வினைங்கிறது வினைத்தொகை வேற, உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் மூணும் அதுக்குள்ளயே அடக்கம்.

நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. கை சில்லுனு ஆனதும் "குளிர்ச்சி வெளிய வருது, அப்ப இது உமிழ் வினை"ன்னு எழுதிடுவாங்க. குளிர்ச்சின்னு தனியா ஒரு பொருள் கிடையாது, இருக்குறது வெப்பம் மட்டும்தான். கொள்றது, உமிழ்றது யாருன்னா வினை, நம்ம கை இல்ல. அணுக்களை சேத்து வச்சிருக்குற பழைய பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும், புதுப் பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளியாகும், செலவு கூடுதலா இருந்தா பாக்கியை கரைசல், பாத்திரம், உங்க விரல்னு பக்கத்துல இருக்குறதுகிட்ட வாங்கிக்கும், அதான் விரல் குளிருது.

குளுக்கோஸ் பவுடர் நாக்குல சில்லுனு இருக்குறதும் வெப்பம் கொள்றதுதான், ஆனா அங்க புதுசா எந்தப் பொருளும் உருவாகல, வெறும் கரையுது. அதனால அதை வினைன்னு எழுதாம வெப்பங்கொள் கரைதல்னு எழுதுங்க.