அபர்ச்சர் இதழுக்கு எண்ணெய் ஆகாது

பழைய லென்ஸ்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில், பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் இருக்கும் புகைப்பட நண்பர்களிடம் வாய் வலிக்கச் சொல்லிவந்ததை இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் மெல்லிய தகடுகள்தான் அபர்ச்சர் இதழ்கள். அவை மந்தமாகிவிட்டன என்று தெரிந்தால் அவற்றுக்கு எண்ணெய் விடாதீர்கள். தையல் இயந்திர எண்ணெய் வேண்டாம், டபிள்யூடி-40 வேண்டாம், மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். ஒருவர் தேங்காய் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தார். படித்தவர்தான்.

இதை எழுதத் தூண்டியது அண்மையில் என் மேசைக்கு வந்த சூப்பர் தாகுமார் என்ற பழைய ஜப்பானிய 55 மி.மீ. லென்ஸ். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஓர் இளைஞருடையது. அவருடைய அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் வாங்கியதாம். "அண்ணே, லேசா ஒரு தடவைதான் ஸ்பிரே அடிச்சேன். ரெண்டு நாள் பட்டுப் பட்டுன்னு மூடுச்சு. அப்புறம் ஒரேயடியா நின்னுடுச்சு" என்றார். முன் கண்ணாடித் தொகுதியைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தேன். ஆறு இதழ்களும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே தகடாகக் கிடந்தன. அவற்றின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதன் ஓரங்களில் வானவில் ஓடியது. நின்றுபோன இதழ்களை அவர் பல்குத்தும் குச்சியால் தள்ளிப் பார்த்திருக்கிறார். ஓர் இதழ் நடுவில் மடிந்திருந்தது. அதன் முனையில் அறையப்பட்டிருந்த, கடுகில் பாதிகூட இல்லாத முளை பிய்ந்து, இதழ்களுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியின் மேல் விழுந்து கிடந்தது. அந்த முளையை மறுபடி ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. அதே வகை லென்ஸ் வேறொன்று செத்துக் கிடைத்தால் அதிலிருந்து இதழை எடுத்துப் போடலாம், வேறு வழியில்லை.

எண்ணெய் விடுகிறவர்களின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம், தையல் இயந்திரம் இறுகினால் எண்ணெய் விடுகிறோம், ஆகவே அசைகிற எதற்கும் எண்ணெய் நல்லது என்று கை தானாகவே போகிறது. அபர்ச்சர் அந்தக் கணக்கில் சேராது. லென்ஸ் ஆலையிலிருந்து புதிதாக வெளிவரும்போதே இதழ்கள் எண்ணெய்ப் பசையின்றி முற்றிலும் உலர்ந்தே இருக்கும். அவை உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஒவ்வோர் இதழும் காகிதத்தைப் போல் மெல்லிய தகடு. ஒன்றின் மேல் ஒன்று பரந்து படிந்து நகரும் அவற்றை இழுப்பது முடி போன்ற ஒரு மெல்லிய சுருள்வில். இந்த அமைப்பில் இரு தகடுகளுக்கு இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நுழைந்துவிட்டால், அந்தப் படலமே தகடுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்துக்கொள்கிறது. சுருள்வில்லின் சிறு பலம் அந்தப் பிடியை அறுக்கப் போதாது. கீலில் இரும்போடு இரும்பு உரசித் தேய்வதைத் தடுக்க எண்ணெய் வேண்டும். இங்கே தேய்மானம் ஒரு பிரச்சினையே இல்லை, பிரச்சினையே எண்ணெய்தான். உங்கள் லென்ஸ் மந்தமானதற்குக் காரணம் எதுவோ, அதையே இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு மருந்து கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

"அடித்தவுடன் சரியாகிவிட்டதே" என்று கேட்பார்கள். சரியாகத்தான் ஆகும். டபிள்யூடி-40 என்பது 1953இல், உலோகத்தின் மீது ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் தடுக்க உருவாக்கப்பட்ட பொருள். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான், மிச்சம் எண்ணெய். கரைப்பான் பழைய பிசுக்கை இளக்கிவிடுவதால் இதழ்கள் ஒன்றிரண்டு நாள் துள்ளுகின்றன. பிறகு கரைப்பான் பறந்துவிடுகிறது. பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயும் சேர்ந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. துருப்பிடித்த வாசல் பூட்டுக்கு அது அருமையான பொருள், என் பட்டறையிலும் ஒரு டின் இருக்கிறது. லென்ஸ் மேசைக்கு அது வருவதில்லை, அவ்வளவுதான்.

இதழ் மந்தமானால் படத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். லென்ஸ் காட்டும் காட்சியையே உள்ளிருக்கும் ஒரு முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் நாம் ஃபோகஸ் செய்யும்போது அபர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும், அந்த முகக்கண்ணாடி மேலே எழும் அந்தக் கண நேரத்துக்குள் இதழ்கள் குறித்த அளவுக்குச் சட்டென்று மூடிவிட வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில், உச்சி வெயிலில் ஒரு காவடியை எஃப் 11இல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). இதழ்கள் நகராமல் எஃப் 2லேயே நின்றுவிட்டால் ஐந்து ஸ்டாப் வித்தியாசம்; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இரட்டிப்பாவதால் 32 மடங்கு ஒளி ஃபிலிமில் விழும். பாதி வழியில் நின்றால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக வெளுத்துப் போகும். ஃபிலிம் கழுவி வரும்வரை எதுவும் தெரியாது. வந்த பிறகு பழி லேப்காரர் மீதோ, கேமராவின் மீட்டர் மீதோ விழும். நன்றாக இருந்த மீட்டரைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

அடாப்டர் போட்டு, முகக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் பழைய லென்ஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே இதழ்கள் எப்போதும் மூடிய நிலையிலேயே காத்திருக்கின்றன. மெதுவாக மூடினாலும் கேட்பாரில்லை. ஆகவே "என் சோனியில் பிரமாதமாக வேலை செய்கிறது" என்ற விற்பனையாளரின் உறுதிமொழிக்கு, ஃபிலிம் கேமராவில் அந்த லென்ஸைப் போடப் போகிறவரைப் பொறுத்தவரை எந்த மதிப்பும் கிடையாது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் ஹெலிகாய்டு என்ற திருகுமரையில் ஆலையில் பூசிய கிரீஸிலிருந்துதான். கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு பொருள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் கலவை. 40, 50 ஆண்டுகளில் அந்தப் பிடி தளர்ந்து எண்ணெய் பிரிந்து கசிகிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. "டிரை கேபினெட்டிலேயே வைத்திருந்தேனே" என்று ஆதங்கப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அந்தப் பெட்டி பூஞ்சையைத் தடுக்கும், நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது கட்டாயம் வேண்டியதும்கூட, ஆனால் எண்ணெய்க் கசிவுக்கும் ஈரப்பதத்துக்கும் தொடர்பில்லை. கேபினெட்டில் பத்திரமாக வைத்த அதே லென்ஸை, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிறுத்திய காரின் பின்சீட்டில் விட்டுவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போகிறீர்களே, தொடர்பு அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் தெரிகிற எல்லா லென்ஸையும் உடனே கழற்ற வேண்டும் என்றும் இல்லை. ஹீலியோஸ் 44-2, ஜூப்பிட்டர்-9 போன்ற பழைய சோவியத் லென்ஸ்களில் அபர்ச்சரை நாமே கையால் வளையத்தைத் திருப்பி மூடுகிறோம். சுருள்வில்லின் வேகம் அங்கே தேவைப்படுவதில்லை. இதழில் கொஞ்சம் பளபளப்பு இருந்தாலும் வளையம் தடையின்றித் திரும்பினால் படம் கெடாது. ஜூப்பிட்டர்-9இல் 15 இதழ்கள். கடைசி இதழ்களை முதல் இதழ்களுக்கு அடியில் செருகி முடிப்பதற்குள் அனுபவசாலிக்கே பொறுமை போய்விடும். காரணமில்லாமல் அதைப் பிரிக்காதீர்கள். எண்ணெய் ஆவி உள்கண்ணாடிகளில் படிந்து புகைமூட்டமாகத் தெரியத் தொடங்கினாலோ, வளையம் இறுகினாலோ அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு அடுத்தபடியாக என் இரத்த அழுத்தத்தை உயர்த்துவது லைட்டர் திரவத்தை அப்படியே இதழ்கள் மேல் ஊற்றும் பழக்கம். காணொளியில் பார்த்தேன் என்பார்கள். லைட்டர் திரவம் சரியான கரைப்பான்தான். நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் லென்ஸைப் பிரிக்காமல் ஊற்றினால், கரைந்த எண்ணெய்க்கு வெளியே போக வழியில்லை. அது இதழ்களின் அடிப்பக்கத்துக்கும், கண்ணாடியின் ஓரங்களுக்கும் பரவுகிறது. மிச்சத் திரவம் ஹெலிகாய்டுக்குள் இறங்கி அங்கிருக்கும் கிரீஸையும் கரைத்துக் கூடுதல் எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வருகிறது. சில மாதங்களில் லென்ஸ் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

முறையான வேலை என்பது கண்ணாடித் தொகுதிகளைக் கழற்றி, இதழ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இரு பக்கமும் துடைத்து, அவை உட்காரும் வளையத்தையும் துளைகளையும் கழுவி, உலர்ந்த நிலையிலேயே திரும்பக் கோப்பது. அதோடு ஹெலிகாய்டையும் பிரித்துப் பழைய கிரீஸை அடியோடு எடுத்துவிட்டு, லென்ஸுக்கென்றே விற்கப்படும் கிரீஸை மெல்லிய பூச்சாக இட வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் செய்யாமல் இதழை மட்டும் துடைத்துத் தருகிறவர் உங்களுக்கு ஓர் ஆண்டு தவணை தந்திருக்கிறார், அவ்வளவே. ஹெலிகாய்டில் பல தொடக்கங்கள் கொண்ட மரை, அதாவது பல இடங்களில் ஏற்றிச் சுற்றக்கூடிய மரை இருக்கும். எந்த இடத்தில் பிரிந்ததோ அதைக் கீறிக் குறிக்காமல் கழற்றிவிட்டால், வேறொரு தொடக்கத்தில் ஏறிக்கொண்டு முடிவிலி ஃபோகஸ், அதாவது வெகுதூரக் காட்சியைத் தெளிவாகப் பிடிக்கும் நிலை, தொலைந்துவிடும். மோட்டார் பட்டறையில் கிடைக்கும் பேரிங் கிரீஸைப் பூசினால் அது இன்னும் சீக்கிரம் கசியும்.

இவ்வளவுக்குப் பிறகும் நானே செய்து பார்ப்பேன் என்கிறவர்களைத் தடுக்கப் போவதில்லை; கற்றுக்கொள்ள ஆசைப்படுவது நல்ல விஷயம். விலை குறைந்த ஒரு லென்ஸில் தொடங்குங்கள், தாத்தாவின் லைக்காவில் தொடங்காதீர்கள். ஜப்பானிய லென்ஸ்களின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவுத் திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அந்தத் தலைகளை மழுக்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதழ்களைத் துடைக்கக் கண்டதையும் எடுக்காதீர்கள். மருந்தகத்தில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர். அதில் எஃகு இதழ்கள் துருப்பிடிக்கும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் எழுத்துகளின் வண்ணத்தையும் தின்றுவிடும். காருக்கு ஊற்றும் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். இதழ்களை வெறும் விரலால் தொடாதீர்கள், வியர்வை போதும் கறை விழ. லைட்டர் திரவத்தின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தீப்பிடிக்கக்கூடியது; அறையில் சாமி விளக்கோ, ஊதுவத்தியோ, கொசுவத்தியோ எரியக் கூடாது, சன்னலைத் திறந்து வையுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

வாங்கும் இடத்திலேயே பாதித் தொல்லையைத் தவிர்க்கலாம். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தரையில் விரித்து வைத்திருக்கும் லென்ஸை எடுத்தவுடன் அபர்ச்சரை எஃப் 16இல் வைத்து, லென்ஸின் பின்னால், இதழ்களை இயக்கும் முளையை அல்லது நெம்பியைத் தட்டிப் பாருங்கள். முதல் தட்டலை மட்டும் நம்புங்கள். ஒட்டிக்கொண்ட இதழ்கள்கூட நாலைந்து தட்டலில் இளகி ஒழுங்காக நடக்கத் தொடங்கிவிடும், விற்கிறவர் அதைத் தெரிந்துதான் உங்களிடம் கொடுக்கும் முன் தட்டிக்கொண்டே பேசுவார். இதழ்களில் ஈரப் பளபளப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெயிலில் சூடேறிக் கிடந்த லென்ஸில் எண்ணெய் நீர்த்து இதழ்கள் துள்ளும். அதே லென்ஸ் ஹோட்டல் மண்டபத்தின் ஏர்கான் குளிரில் முகூர்த்த நேரத்தில் சண்டித்தனம் செய்யும். முடிந்தால் வீட்டில் ஓர் இரவு ஏர்கான் அறையில் வைத்துவிட்டுக் காலையில் ஒரு முறை தட்டிப் பார்த்த பிறகு பணத்தை முடியுங்கள். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் என்றால் பழுதுக்கூலி லென்ஸின் விலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதையும் நான் ஒளிக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நல்லதாக வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

ஏற்கெனவே எண்ணெய் விட்டுவிட்டவர்கள் தயவுசெய்து அதற்கு மேல் எதையும் செய்யாதீர்கள். வளையத்தைப் பலமாகத் திருப்பாதீர்கள், குச்சியால் தள்ளாதீர்கள், இன்னொரு ஸ்பிரேயால் முதல் ஸ்பிரேயைக் கழுவ முயலாதீர்கள். எண்ணெய் கண்ணாடிப் பக்கம் இறங்காமல் இருக்க, லென்ஸை எந்த நிலையில் வைத்து அடித்தீர்களோ அதே நிலையில் ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள். கழற்றிய திருகு, வளையம், உதிர்ந்த முளை எதுவாக இருந்தாலும் ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். எதை அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். எந்தக் கரைப்பானை எடுப்பது என்று நான் முடிவு செய்வது அந்தப் பதிலை வைத்துத்தான்.