குளோபல் ரேட்டிங் ஆஃப் சேஞ்ச் – ஒட்டுமொத்த மாற்ற மதிப்பீடு

"சிகிச்சை தொடங்கிய நாளோடு ஒப்பிட்டால், இப்போது உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?" மறுவாழ்வு சிகிச்சையில் நோயாளியிடம் கேட்கும் இந்த ஒற்றைக் கேள்விதான் குளோபல் ரேட்டிங் ஆஃப் சேஞ்ச். பதிலை ஓர் அளவுகோலில் குறிக்கிறார்கள். நடுவில் 0, அதாவது மாற்றமே இல்லை. ஒரு முனையில் +7, மிக மிக நன்றாகத் தேறிவிட்டது. மறுமுனையில் -7, மிக மிக மோசமாகிவிட்டது. -5 முதல் +5 வரை போகும் வடிவமும் புழக்கத்தில் உண்டு.

இதைத் தமிழில் பெயர்க்கும்போது, குளோபல் என்றதும் 'உலகளாவிய' என்று கை தானாக எழுதிவிடும். இங்கே அது பிழை. உருண்டையைக் குறிக்கும் குளோபஸ் என்ற லத்தீன் சொல்தான் வேர். அதிலிருந்து உலக உருண்டை ஒரு பக்கம் கிளைத்தது. 'பிரிக்காமல் முழுவதுமாக' என்ற பொருள் இன்னொரு பக்கம். மருத்துவம் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. வலி, வீக்கம், மூட்டு மடங்கும் அளவு, தூக்கம் எல்லாவற்றையும் நோயாளியே மனத்துக்குள் எடைபோட்டு ஒரே பதிலாகச் சொல்கிறார். ஆகவே 'ஒட்டுமொத்த'. ரேட்டிங்குக்குத் 'தரவரிசை' வேண்டாம். அது ஒருவரை இன்னொருவருக்கு மேலோ கீழோ வைப்பது. 'மதிப்பீடு' போதும்.

இந்தக் கேள்விக்குப் பெரிய இடம் கிடைத்தது 1989-இல். யேஷ்கே, சிங்கர், கயாட் என்ற மூன்று ஆய்வாளர்கள், நாள்பட்ட இதய, நுரையீரல் நோயாளிகளிடம் இதைக் கேட்டு, அவர்கள் உடல்நிலை பற்றிய வேறொரு வினாத்தாளில் மதிப்பெண் எவ்வளவு நகர்ந்தால் அவர்களுக்குக் 'கொஞ்சம் தேவலை' என்று படுகிறது எனப் பார்த்தார்கள். அந்த வினாத்தாளில் 1 முதல் 7 வரை மதிப்பெண் தரும் கேள்வி ஒன்றுக்குச் சராசரியாகச் சுமார் 0.5 புள்ளி என்று வந்தது. இதற்கு மினிமல் கிளினிக்கலி இம்பார்ட்டன்ட் டிஃபரன்ஸ் என்று பெயர். 'நோயாளிக்குப் பொருட்படும் குறைந்தபட்ச மாற்றம்' எனலாம்.

முழங்கால் 10 பாகை கூடுதலாக மடங்குகிறது என்று கோணமானி காட்டும். நோயாளியோ இந்தக் கேள்விக்கு 0 என்பார், இன்னும் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடியவில்லை என்பதால். அந்த 0-ஐ 'சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று ஒதுக்குவது அநியாயம். அவருக்கு முழங்கால் என்பதே அந்தப் படிதான்.

பலவீனமும் உண்டு. தொடக்கத்தில் எப்படி இருந்தோம் என்பது நினைவில் மங்கிவிடும். இன்று வலி குறைவாக இருந்தால் எல்லாமே தேறிவிட்டதாகத் தோன்றும். அதனால் முதல் நாளே வலியையும் செயல்திறனையும் அளந்து வைத்துக்கொண்டு, 'எந்த நாளிலிருந்து' என்பதைக் கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும்.