டாக்ஸ் ரீஃபண்ட்: வரி மீளளிப்பு

சென்னை மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் சிங்கப்பூர், துபாய் போய்வருகிறவர்கள் பேச்சில் இது பெரும்பாலும் 'டாக்ஸ் ரிட்டன்' என்றே அடிபடும். ரிட்டன் என்பது ஆடிட்டர் தாக்கல் செய்கிற கணக்கு. வெளிநாட்டுக் கடையில் கட்டிய வரி, ஊர் திரும்பும்போது கைக்கு வந்தால் அது ரீஃபண்ட்.

லத்தீனில் 'ரெஃபுந்தெரே' என்றால் திரும்ப ஊற்றுவது. முதலில் வாங்கிக்கொண்டால்தானே திரும்ப ஊற்ற முடியும்? வரியைக் கட்டியிருக்க வேண்டும், பொருள் அந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பிறகுதான் பணம். டூட்டி ஃப்ரீ கடையில் வரியே போடுவதில்லை, திரும்பத் தரவும் ஒன்றுமில்லை. டூட்டி என்றால் சுங்கம், அதற்கு நம்மிடம் சொல் பஞ்சம் கிடையாது. முதலாம் குலோத்துங்கனையே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றுதான் சொல்கிறோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை டோல்கேட்டும் தமிழில் சுங்கச்சாவடிதான்.

ரீஃபண்டுக்குச் சிலர் 'வரித் தள்ளுபடி' என்று எழுதுகிறார்கள். தவறு, தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடும். 'வரி விலக்கு' என்றால் வரியே இல்லை. 'வரி மீட்பு' பரவாயில்லை, ஆனால் பாக்கி வைத்தவனிடம் அரசு வசூலிப்பது போலவும் தொனிக்கும். எழுத்துக்கு 'வரி மீளளிப்பு' பொருத்தம். பேச்சில் 'வரியைத் திரும்ப வாங்கியாச்சா?' என்று கேட்டாலே போதும்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். விலையில் வரி அடங்கியிருப்பதால் கணக்கு 109-இல் 9 பங்கு. 545 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினால் வரி 45 வெள்ளி; கையாளும் கட்டணம் பிடித்தது போக மீதி வரும். ஒரே கடையில் வரியோடு சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும். அதே நாளின் மூன்று பில்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு கடைகளில் அறுபது அறுபதாக வாங்கிவிட்டு 120 ஆச்சே என்றால் நடக்காது. பணம் கட்டும்போது பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் செல்லாது. எல்லாக் கடைகளும் இந்தத் திட்டத்தில் இல்லை என்பதால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பணத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் சாங்கி விமான நிலையத்தில்தான். பெட்டியில் போடும் சாமான் என்றால் செக்-இன் செய்வதற்கு முன்பே, புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள தானியங்கி இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். சாமானைச் சுங்க அதிகாரியிடம் காட்டு என்று இயந்திரம் சொல்லலாம். அந்த நேரத்தில் பெட்டி பெல்ட்டில் போயிருந்தால் கதை முடிந்தது. கையில் எடுத்துப்போவது என்றால் குடிநுழைவு (இமிக்ரேஷன்) தாண்டி உள்ளே செய்யலாம். ரொக்கம் தரும் கவுண்டரும் உள்ளேதான். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் விமானத்தில் கிளம்ப வேண்டும். பஸ் ஏறி மலேசியாவின் ஜொகூர் வழியாகப் போகிறவருக்குக் கிடையாது.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் அண்ணன் தம்பிக்கும் இது கிடையாது. 'அண்ணே, உங்க பாஸ்போர்ட்ல போட்டுக்குங்க' என்று அவர் சாமானுக்கு விருந்தாளியின் பேரில் வரியைத் திரும்ப வாங்குவது குற்றம். தெரிந்தவர்கள்கூட இதைச் சாதாரணமாகச் செய்யச் சொல்கிறார்கள், செய்யாதீர்கள்.

துபாயில் வரி 5 சதவீதம், குறைந்தபட்சக் கொள்முதல் 250 திர்ஹாம். கட்டிய வரி முழுவதும் திரும்பாது, அதிலும் பில்லுக்கு 4.80 திர்ஹாம் பிடிப்பார்கள். 1,050 திர்ஹாமுக்கு வாங்கினால் வரி 50, கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கெடு 90 நாள். தாய்லாந்தில் 7 சதவீதம். ஒரு கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கி, கடையிலேயே படிவம் எழுதி வாங்க வேண்டும். மலேசியாவில் 2018-இல் ஜிஎஸ்டியை எடுத்தபோதே இந்த வசதியும் போய்விட்டது. கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் கவுண்டர் தேடி அலைய வேண்டாம்.

தங்கத்தில்தான் குழப்பம் அதிகம். சிங்கப்பூரில் 22 காரட் நகைக்கு வரி உண்டு, மீளளிப்பும் உண்டு. 99.5 சதவீதத்துக்குக் குறையாத முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்து வரி விலக்கு. கட்டாத வரியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். நகைக்கு அங்கே வரி திரும்பி வந்ததால் மீனம்பாக்கத்தில் சலுகை எதுவும் கிடைக்காது. இங்குள்ள சுங்க வரம்பைத் தாண்டினால் இங்கே தனியாகத் தீர்வை கட்ட வேண்டும், கடை பில்லையும் கேட்பார்கள். அதனால் பில்லைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.