"நான் அந்த மாதிரி ஆள் இல்ல சார்"

போதைப் பழக்கத்துக்குன்னு கவுன்சிலிங் வர்ற பசங்ககிட்ட முதல் நாளே "எவ்ளோ நாளா அடிக்கிற"னு நான் கேக்குறதில்ல, அப்பா அம்மாவ வெளில உக்கார வெச்சிட்டு "பசங்க உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க"னு தான் கேப்பேன். 19 வயசு பையன் ஒருத்தன் (அடையாளத்த மாத்திதான் எழுதுறேன்) லேசா சிரிச்சிட்டு "டாக்டர்"னான். எந்த மாத்திரை என்ன பண்ணும்னு கேங்ல அவனுக்குத்தான் தெரியுமாம். வீட்ல உருப்படாதவன், காலேஜ்ல ஏழு அரியர், மரியாதையா ஒரு பேரு இருந்தது அங்க மட்டும் தான்.

சரி, நீ அடிக்ட்டானு கேட்டா உடனே "சேச்சே, அதெல்லாம் ஊசி போடுறவனுங்க சார்". இது எல்லார்கிட்டயும் இருக்கு. கூல் லிப் (ஒதட்டுக்குள்ள வெக்கிற புகையில பாக்கெட்) வெக்கிறவன் கஞ்சா அடிக்கிறவன கை காட்டுவான், அவன் மாத்திரை போடுறவன காட்டுவான், மாத்திரைக்காரன் ஊசிக்காரன, ஊசி போடுறவனுக்கும் ஒருத்தன் இருக்கான், "நான் என் ஊசிய யாருக்கும் தர மாட்டேன் சார், அவனுங்க தான் மாத்தி மாத்தி போடுவானுங்க"ம்பான். பொய் சொல்றான்னு பெத்தவங்க நெனைக்கிறாங்க, எனக்கு அப்படி தோணல, நிஜமாவே அவன் அப்படித்தான் நம்புறான். சிக்கல் என்னன்னா அந்த கோடு நகர்ந்துட்டே இருக்கும். இதே பையன் முன்னாடி "மாத்திரை தொட்டா தான் அடிக்ட்"னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பந்தயம் கட்டுனவன்.

நாங்க டயக்னோசிஸ் பண்றப்ப ஆமா இல்லன்னு பாக்குறதில்ல. 2013ல வந்த டிஎஸ்எம்-5ல (மனநல டாக்டருங்க நோய் கண்டுபிடிக்க வெச்சிருக்குற கையேடு) இந்தப் பழக்கத்துக்குன்னு 11 அறிகுறி இருக்கு, ஒரு வருஷத்துல 2, 3 இருந்தா லேசு, 4, 5 இருந்தா நடுத்தரம், 6 இல்ல அதுக்கு மேல இருந்தா தீவிரம். இந்த லிஸ்ட்ட அவன் கையிலயே குடுத்து டிக் பண்ண சொன்னேன், ஏழு வந்துச்சு, பேனாவ மூடி மூடி தொறந்துட்டே இருந்தான். நான் அடிக்ட்ன்ற வார்த்தையே எடுக்கல. "நான் ஒரு அடிக்ட்"னு சொல்லி ஆரம்பிக்கிற மீட்டிங்கெல்லாம் நெறைய பேர காப்பாத்தியிருக்கு, மறுக்கல, ஆனா தான் யாருன்னே இன்னும் தேடிட்டு இருக்குற பையனுக்கு அதையே முதல் அடையாளமா குடுக்க எனக்கு மனசு வராது.

அவங்கப்பா உள்ள வந்ததும் என் முன்னாடியே "கஞ்சா குடிக்கி"னாரு. பையன் முகம் அப்படியே மூடிக்கிச்சு, அரை மணி நேர வேலை போச்சு! அவருக்கு உள்ளுக்குள்ள பயம் வேற, ட்ரீட்மென்ட் போனா கேஸ் ஆயிடுமோன்னு. 1985 என்டிபிஎஸ் சட்டத்துல (போதைப்பொருள் தடுப்பு சட்டம்) 64ஏ-னு ஒரு பிரிவு இருக்கு, சொந்த உபயோகம், சின்ன அளவுன்னு கேஸ் ஆனவங்க கூட தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள எடத்துல சிகிச்சைய முழுசா எடுத்தா வழக்குல இருந்து விலக்கு கிடைக்கும்னு சொன்னப்புறம் தான் சேர்ல சாஞ்சே உக்காந்தாரு. (நேர்ல வர தயக்கம்னா 14446னு போதை மீட்பு ஹெல்ப்லைன் இருக்கு, இலவசம்.)

நிறுத்துன ரெண்டாவது மாசம் தான் கஷ்டமே. உடம்பு நடுக்கம்லாம் போயிடுச்சு, ஆனா "ஃபோனே அடிக்கல சார், நான் செம மொக்க பீஸ் ஆயிட்டேன்"னான். டீக்கடைல யாரோ "டாக்டர்"னு கூப்பிட டக்குனு திரும்பிட்டானாம், அன்னிக்கு நைட்டு பூரா தூக்கமில்ல.

இப்ப ஒரு பைக் மெக்கானிக் ஷெட்ல இருக்கான். போன வாரம் நகத்துல கிரீஸோட வந்தான், அங்க என்னன்னு கூப்பிடுறாங்கனு கேட்டேன்.

"இன்னும் ஒன்னும் வெக்கல சார். தம்பின்றாங்க."