ஆர்க்ரைட்னா என்ன அர்த்தம்? பத்தாயத் தச்சர்!

ஸ்கூல் வரலாறு புக்ல தொழிற்புரட்சி பாடத்துல ரிச்சர்ட் ஆர்க்ரைட்னு ஒரு பேர் வரும், நூல் நூற்கிற மெஷின்னு ஒரு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு போயிருப்போம். அந்த ஆர்க்ரைட் இங்கிலாந்துல ரொம்ப பேருக்கு இல்லாத குடும்பப் பேர், வடக்குல லங்காஷயர் பக்கம்தான் அதுக்கு பூர்வீகம்.

ஆர்க்னு கேட்டதும் நோவாவோட பேழைதான் ஞாபகம் வரும், அப்போ கப்பல் கட்டினவங்க போலன்னு தோணும். அது இல்ல. லத்தீன்ல ஆர்க்கான்னா பெட்டி, அதுதான் பழைய இங்கிலீஷுக்குள்ள போச்சு. நோவா கதையிலயும் அதே பெட்டிதான், தமிழ் பைபிள்ல பேழைன்னு போட்டது அதனால ரொம்ப சரி. ஆனா அந்தக் காலத்து வட இங்கிலாந்து கிராமத்துல ஆர்க்னா வீட்டுல மாவும் தானியமும் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி, ஓக் மரத்தைப் பிளந்து பலகையாக்கி மர ஆணி அடிச்சு சேர்ப்பாங்க, மூடியைக் கழட்டி கவுத்துப் போட்டா அதுலயே மாவு பிசையலாம்.

அடுத்தது ரைட். இது சரிங்கற ரைட்டும் இல்ல, எழுதுற ரைட்டும் இல்ல. பழைய இங்கிலீஷ்ல விர்ஹ்தான்னு ஒரு சொல், செய்யிறவன்னு அர்த்தம், வேலையைக் குறிக்கிற ஒர்க்குக்கு சொந்தக்காரச் சொல், பின்னாடி மரவேலைக்காரங்களுக்கே அதிகமா நின்னுடுச்சு. வெயின்ரைட், கார்ட்ரைட் ரெண்டுமே வண்டி செய்யிற தச்சர். நாடகம் எழுதுறவரை பிளேரைட்னு சொல்றதும் இந்த ரைட்தான், அதாவது நாடகத்தை எழுதுறவர் இல்ல, செய்யிறவர். விமானம் விட்ட ரைட் சகோதரர்கள் கூட நம்ம கணக்குல தச்சர் சகோதரர்கள்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பெட்டித் தச்சர்னு சொல்லலாம், ஆனா துணிப்பெட்டியா நகைப்பெட்டியான்னு தெரியாது. குதிர்னு போட ஆசையா இருக்கு, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு பழமொழி வரைக்கும் இருக்கே, ஆனா குதிர் மண்ணுல செய்யிறது, தச்சருக்கு அங்க வேலை இல்ல. நெல்லு கொட்டி வைக்கிற மரப்பெட்டிக்கு நம்மகிட்ட பத்தாயம்னு அருமையான சொல் இருக்கு, அதனால என் ஓட்டு பத்தாயத் தச்சருக்குத்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா பேர் தெரிஞ்ச அந்த ஆர்க்ரைட் தச்சரே இல்ல. 1732ல பிரெஸ்டன்ல ஒரு தையல்காரர் வீட்டுல பிறந்தவரு, முடி வெட்டுற தொழில் கத்துக்கிட்டு விக் செஞ்சு வித்தாரு. 1769ல நூற்பு மெஷினுக்கு பேடன்ட் வாங்கி 1771ல குரோம்ஃபோர்டுல தண்ணியில ஓடுற மில்லும் ஆரம்பிச்சாரு, ஆனா முதல் மெஷினை உருவாக்க கூட நின்னு வேலை பார்த்தது ஜான் கேங்கற கடிகாரக்காரர்.