சிறுகோள் – சொல் விளக்கம்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் பெரும்பாலும் அமைந்து கதிரவனைச் சுற்றிவரும் சிறு பாறைப் பொருள்களை 'ஆஸ்டிராய்டு' என்கிறோம். விண்மீனைக் குறிக்கும் 'ஆஸ்டர்' என்னும் கிரேக்கச் சொல்லோடு 'போன்ற வடிவுடையது' எனப் பொருள்படும் பின்னொட்டுச் சேர்ந்த இப்பெயரை, 1802-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1801-இல் பியாட்சி கண்டறிந்த சீரீஸும் அடுத்த ஆண்டு ஓல்பர்ஸ் கண்டறிந்த பல்லாஸும் கோள்களைப் போல் தெளிந்த வட்டமாகத் தெரியாமல், விண்மீன்களிலிருந்து பிரித்தறிய அரிய சிறு புள்ளிகளாகவே தோன்றியதே காரணம். ஆகவே அச்சொல் பொருளின் இயல்பைச் சுட்டவில்லை; அன்றைய தொலைநோக்கிக்கு எட்டிய தோற்றத்தையே சுட்டுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைக்கும் 'உடுப்போலி' (உடு – விண்மீன்) அந்தத் தோற்றமயக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்துவிடும்.

'சிறுகோள்' என்பதே தக்க சொல். 'கெடு' கேடு ஆவதுபோல, பற்றுதலைக் குறிக்கும் 'கொள்' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'கோள்' பிறந்தது. வடமொழிக் 'கிரகம்' என்பதற்கும் பற்றுதல் என்பதே அடிப்பொருள். நிலைத்த நாள்மீனையும் இடம்பெயரும் கோள்மீனையும் சங்கப் புலவர்களே வேறுபடுத்தியிருப்பதால், இச்சொல்லின் வேர் மிகப் பழையது.

இப்பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு, 1807-இல் ஓல்பர்ஸ் கண்டறிந்த வெஸ்டாவே சான்று. சராசரியாக 525 கி.மீ. விட்டமுள்ள அது, ஏறத்தாழ 5 மணி 20 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றி, 3.6 ஆண்டுகளில் கதிரவனை வலம்வருகிறது. 2011 முதல் 2012 வரை அதைச் சுற்றிவந்து ஆராய்ந்த 'டான்' விண்கலத்தின் அளவீடுகள், இரும்பு மிகுந்த கருவம், அதன்மேல் மூடகம், வெளியே எரிமலைப் பாறையாலான மேலோடு என, புவியைப் போலவே அதன் உட்பகுதி அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பதைக் காட்டுவதாக முதலில் கொள்ளப்பட்டன; ஆனால் 2025-இல் வெளியான மறுஆய்வு, உட்பகுதி அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை என்கிறது. எப்படியாயினும், எரிமலைப் பாறை மேலோடு கொண்ட ஒன்றை விண்மீனின் போலி என்பதைவிடச் சிறிய கோள் என்பதே முறை. ஆயினும் அது குறுங்கோள், அதாவது தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டை வடிவில் நிற்கும் சிறிய கோள்வகை, அன்று. தென்முனையில் ஏறத்தாழ 500 கி.மீ. அகலமுள்ள ரியாசில்வியா பள்ளத்தைத் தோண்டிய மோதல் அதன் உருண்டை வடிவைக் குலைத்துவிட்டது.

செய்திகளில் சிறுகோளை 'விண்கல்' என எழுதுவது பிழை. விண்ணிலிருந்து தரையில் வந்து விழுந்த துண்டே விண்கல். வெஸ்டாவிலிருந்து சிதறிப் புவியை அடைந்தவையாகக் கருதப்படும் கற்களுக்கு அப்பெயர் பொருந்தும், வெஸ்டாவுக்குப் பொருந்தாது.