ரிசார்ப்ஷன்: அரிப்பும் அல்ல, தேய்மானமும் அல்ல

"கிளிப் போட்டால் பல்லைச் சுற்றி எலும்பு அரிப்பு ஏற்படும்" என்று எழுதிவிடுகிறார்கள், 'ரிசார்ப்ஷன்' (resorption) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குபவர்கள். படிப்பவருக்குச் சொறியத்தான் தோன்றும். கொஞ்சம் யோசித்து எழுதுபவர்கள் 'எலும்புத் தேய்மானம்' என்கிறார்கள், அதுவும் தப்பு.

மூலம் லத்தீன். 'ரே' என்றால் திரும்ப, 'சோர்பேரே' என்றால் உறிஞ்சுதல். எலும்பில் கிடக்கும் சுண்ணத்தை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பல்லுக்கும் பற்குழிக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ப்படலம் உண்டு. (அதைத் 'தசைநார்' என்பது தனிக் கொடுமை. அதில் தசை ஏது?) பல் தள்ளப்படும் பக்கம் நார் நசுங்கும். ஓரிரு நாளில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வந்து எலும்பில் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும். மிஞ்சும் கொலாஜன் என்ற புரதத்தை நொதிகள் செரிக்கும். எதிர்ப்பக்கம் நார் இழுபட்டுப் புது எலும்பு படியும். பல் மாதத்துக்கு 1 மி.மீ. அளவில் நகரும். இதில் உராய்வு எங்கே, தேய்வதற்கு?

அடுத்து 'மறுஉறிஞ்சல்'. மறுமணம், மறுதேர்வு எல்லாம் இரண்டாம் முறை நடப்பவை. இந்த எலும்பை முதல் முறை யார் உறிஞ்சினார்கள்? 'மீளுறிஞ்சல்' பரவாயில்லை, ஆனால் சிறுநீரகம் குளுக்கோஸைத் திரும்ப இழுத்துக்கொள்வதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது, அங்கே கச்சிதமாகவும் பொருந்துகிறது. 'எலும்பு உறிஞ்சல்' என்றாலோ எலும்பு எதையோ உறிஞ்சுகிறதா, எலும்பையே எதுவோ உறிஞ்சுகிறதா என்றே தெரியாது. மூலத்தை உறுப்பு உறுப்பாகப் பிய்த்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

'கரைவு' போதும். கொலாஜன் கரைவதில்லை, செரிக்கப்படுகிறது என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். ஆனாலும் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. செல் செய்வது கரைப்பு, எலும்புக்கு நேர்வது கரைவு என்று வினையும் பிரிகிறது. கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது. பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும். அப்போது நசுங்கிய பக்கமே நேராகக் கரையும், அது நேர்க்கரைவு. விசை மிஞ்சினால் ரத்தக்குழாய் அடைபட்டு, நாரில் அந்த இடத்துச் செல்கள் மடிந்துபோகும். கரைக்கும் செல்கள் எலும்பின் உட்புறத்திலிருந்து குடைந்துகொண்டு வரவேண்டும். பல் வாரக்கணக்கில் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று நகரும். அது அடிக்கரைவு. இதையே 'அடிமறுஉறிஞ்சல்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

பால்பல்லின் வேர் கரைந்துதான் விழுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சிகிச்சையில் நிலைப்பல்லின் வேர்நுனி குட்டையாவதும் அதேபோல வேர்க்கரைவுதான். குறைந்த நீளம் திரும்ப வளராது. ஒப்புதல் படிவத்தில் இதை 'வேர்த் தேய்மானம்' என்று அச்சிட்டால், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் வருவது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.